புள்ளி வைக்காத 'யோ': ரஷ்ய மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் என்னிடம் வேலை பழகும் பெண் ஒரு ரஷ்யக் கடிதத்தைத் தமிழாக்கிக் கொண்டுவந்தார். மூன்றாவது வரியிலேயே நிறுத்திவிட்டேன். பல வருடங்களுக்கு முன்னால் நான் செய்த அதே பிழை, அதே சொல்லில். அதனால்தான் இதை எழுதுகிறேன். சொல் விடுபடுவது, வேற்றுமை உருபு மாறுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். இது அப்படிச் சரியாவதில்லை.

'யோ' ரஷ்ய அகரவரிசையின் ஏழாவது எழுத்து. 'யெ' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 'யோ'. ஆனால் நாளிதழ், நாவல், அலுவலகக் கடிதம் எதிலும் பெரும்பாலும் அந்தப் புள்ளிகளை வைக்கமாட்டார்கள். ரஷ்யர்கள் இடம் பார்த்து வாசித்துக்கொள்வார்கள். நம் ஓலைச்சுவடிகளில் புள்ளியில்லாத மெய்யை வாசித்தவர்களும் அப்படித்தானே வாசித்தார்கள்?

புள்ளி இல்லாததால் அது 'யெ' என்று முடிவு கட்டுவது

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலை ஏற்றுமதியாளர் ஒருவர் மாஸ்கோ, கசான், நோவோசிபிர்ஸ்க் என்று மூன்று ஊர்களுக்கு மாதிரிப் பெட்டிகள் அனுப்பியிருந்தார். மாஸ்கோவிலிருந்து பதில் வந்தது. 'ஃப்ஸ்யெ பலுச்சீலி, ஸ்பசீபா.' "எல்லோரும் பெற்றுக்கொண்டார்கள், நன்றி" என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் நிம்மதியாக இருந்துவிட்டார்.

எழுதியவர் சொன்னது 'ஃப்ஸ்யோ'. "எல்லாம் கிடைத்தது" என்று மாஸ்கோக்காரர்கள் தங்கள் பெட்டியைப் பற்றி மட்டும் சொன்னது. கசான் பெட்டி சுங்கக் கிடங்கில் கிடந்தது. யாரும் கேட்காததால் வாரக்கணக்கில் வாடகை ஏறியது. தேயிலையின் மணமும் போனது. அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியை நான்தான் கொடுத்தேன். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

இந்த இடத்தில் சறுக்குவதற்குக் காரணம் உண்டு. ரஷ்ய இறந்தகால வினை ஒருமை பன்மையைக் காட்டும். நாமா அவர்களா என்று காட்டாது. 'நாங்கள்' என்ற சொல்லையும் கடிதங்களில் விட்டுவிடுவார்கள். ஆகவே 'பலுச்சீலி' என்பது "பெற்றார்கள்" என்றும் ஆகும், "பெற்றோம்" என்றும் ஆகும். புள்ளி ஒன்றுதான் பிரித்துக் காட்டும், அதுவும் இல்லை. தமிழிலோ வினைமுற்றை எழுதும்போதே '-ஆர்கள்', '-ஓம்' இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தெரியாமலே முடிவெடுத்துவிடுகிறோம். வினை ஒருமையில் இருந்தால் 'எல்லோரும்' எழுவாயாக வரமுடியாது, தப்பித்தோம். பன்மையில் இருந்தால் கையெழுத்தைப் பாருங்கள்: யார் சார்பில் எழுதுகிறார், எத்தனை பேருக்காகப் பேசுகிறார்? அப்போதும் சந்தேகம் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு. நான் அதைச் செய்யவில்லை.

மருத்துவச் சான்றுகளில் இன்னொன்று: 'ந்யெபா' என்றால் வானம், 'ந்யோபா' என்றால் மேலண்ணம்.

பழைய எழுத்துதானே என்று நினைப்பது

இல்லை, மிகவும் பின்னால் வந்தது. 1783 நவம்பரில், ரஷ்ய அகாதமியின் கூட்டத்தில், அதன் தலைவியான இளவரசி யெகத்தெரீனா தாஷ்கவா, ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து எதற்கு என்று கேட்டார். அதுவரை 'இ', 'ஒ' இரண்டையும் சேர்த்து எழுதிவந்தார்கள். 1795-இல் கவிஞர் இவான் திமீத்ரியெவின் நூலில் இந்த எழுத்து அச்சேறியது. முதலில் அச்சான சொல் என்னைக் கவிழ்த்த அதே 'ஃப்ஸ்யோ'. பெயர் என்னவோ அடுத்த வருடம் இதைப் பயன்படுத்திய எழுத்தாளர் கரம்ஸீனுக்குப் போனது. அவர் பிறந்த பகுதியின் தலைநகரான உல்யானோவ்ஸ்கில் 2005-இல் இந்த எழுத்துக்கு நினைவுச்சின்னமே வைத்தார்கள். 1942 டிசம்பரில் பள்ளிகளில் கட்டாயமாக்கினார்கள். 1956-இல் வந்த எழுத்துமுறை விதிகளோ, பொருள் குழம்பும் இடத்தில் புள்ளி வைத்தால் போதும் என்றன. எது குழம்பும் என்று எழுதுகிறவருக்குத் தெரிவதில்லை, அவருக்குத்தான் பொருள் முன்பே தெரியுமே.

கண்ட இடத்தில் எல்லாம் 'யோ' போடுவது

ஒருமுறை அடிபட்டவர்கள் செய்வது. மோசடி என்று பொருள்படும் 'அஃபேரா'வில் 'யோ' கிடையாது, ரஷ்யர்களே பலர் தவறாகச் சொல்கிறார்கள். சதுரங்க உலக சாம்பியன் அலெக்ஸாந்தர் அல்யேஹின் தன் பெயரை 'அல்யோஹின்' என்று சொன்னால் திருத்துவார்.

நாளிதழைப் பார்த்துப் பெயர் எழுதுவது

குருசேவ், கோர்பசேவ் என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். இரண்டிலும் இருப்பது 'யோ'. 'ஹ்ருஷ்சோஃப்', 'கர்பச்சோஃப்' என்பதே உச்சரிப்பு. நிலைத்துவிட்ட பெயர்களை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. உயிரோடு இருப்பவரின் பெயரை அவரிடமே கேளுங்கள்.

சான்றிதழில் புள்ளியைத் திருத்துவது

கூடாது. இருப்பதை இருப்பது போல எழுதி, அடியில் குறிப்பு போடுங்கள்.

ரஷ்ய விசைப்பலகையில் இல்லை என்பது

இடது மேல் மூலை, 1-க்குப் பக்கத்தில்.

கணினித் தேடலில் 'யோ'வை மறப்பது

கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் ரஷ்யச் சின்ன எழுத்துகள் 1072 முதல் 1103 வரை வரிசையாக இருக்கின்றன. 'யோ' மட்டும் தள்ளி, 1105-இல். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தேடு என்று கட்டளை கொடுத்தால் அது சிக்காது. மாணவர் பட்டியல் ஒன்றை நான் அப்படிச் சலித்தபோது ஃபியோதர், அர்த்யோம், செம்யோன் மூவரும் காணாமல் போனார்கள். இப்போது 1105-ஐத் தனியாகச் சேர்த்துத்தான் தேடுகிறேன்.