கடப்பாக் கல் துண்டில் டம்ளர் கோஸ்டர் செய்யும் முறை

வீடு கட்டி முடித்தவர்களிடம் பரண் பலகைக்கு வாங்கிய கடப்பாக் கல்லில் மீந்த துண்டுகள் இரண்டு மூன்றாவது கிடக்கும். இல்லையென்றால், கல் அறுத்து விற்கும் கடையின் பின்புறத்தில் குவிந்திருக்கும் வெட்டுத் துண்டுகளைக் கேட்டால் மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். மேசையில் ஈர வளையம் விழாமல் காக்கும் கோஸ்டர் செய்ய அதுவே போதும்.

வெட்டுவதற்கு முன் கல்லின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்திலிருந்து வரும் இந்தக் கல், நிறத்தில் கருமை இருந்தாலும் கிரானைட் அன்று. அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய சுண்ணாம்புக் கல். ஆகவே புளிப்பு இதற்கு ஆகாது. பளபளப்பான துண்டொன்றில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்தால், சொட்டு நின்ற இடம் மட்டும் ஒளி மங்கிச் சாம்பல் வட்டமாகத் தெரியும்; அது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்டிருக்கிறது என்பதால் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது. வீட்டில் எலுமிச்சைச் சாறும் புளித்த மோரும்தான் அதிகம் புழங்கும் என்றால் கிரானைட் துண்டைத் தேடுவதே நல்லது. காப்பி, தேநீர், தண்ணீர் என்றால் கடப்பாவே போதும்.

துண்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். மயிரிழை போன்ற கோடு ஓடினால், அந்த இடத்தில் அடுக்கு பிரிந்துவரக்கூடும். நாணயத்தால் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் கண்டது அடைத்த குரலில் ‘டொக்’ என்னும். டபராவையும் கையோடு எடுத்துச் சென்று, அதன் அடிப்பாகத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கும்படி அளந்துகொள்ளலாம். பெரும்பாலும் 10 சென்டிமீட்டர் சதுரம் சரியாக இருக்கும். ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் அத்தகைய ஒரு சதுரம் ஏறத்தாழ 400 கிராம் எடை வரும் என்பதால், அதற்கு மேல் தடித்த கல்லை எடுக்க வேண்டாம்.

வெட்டும் வேலையைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. தண்ணீர் பாயும் மேசை இயந்திரத்தில் அவருக்கு அது சில நிமிட வேலை. கையில் பிடிக்கும் கட்டிங் மெஷினில் டைமண்ட் பிளேடு மாட்டி உலர்வாக அறுத்தால் கிளம்பும் நுண்தூசி, குறிப்பாகக் குவார்ட்ஸ் நிறைந்த கிரானைட்டின் தூசி, நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்னும் ஆறாத நோயைத் தரக்கூடியது. அதைத் தவிர்க்கவென்று சாதாரண மின் கருவியின் மீது தண்ணீர் ஊற்றுவது இன்னொரு ஆபத்து.

நம் கைவேலை தேய்ப்பதில் தொடங்குகிறது. வண்ணப்பூச்சுக் கடையில் வாட்டர் பேப்பர் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) என்று கேட்டு 80, 120, 220, 400 ஆகிய எண்களில் தாள்கள் வாங்கிக்கொண்டு, சொரசொரப்பான 80-இல் தொடங்கி இதே வரிசையில் பயன்படுத்துங்கள். சமமான பழைய டைல் ஒன்றின் மேல் தாளை விரித்து, தண்ணீர் தெளித்து, கல்லை அதன்மீது வைத்து எட்டுப் போடுவதுபோல் தேய்க்க வேண்டும். சமையல் மேடை சமமாகத்தானே இருக்கிறது என்று அதன்மேல் தாளை விரித்தால், கசியும் சேறே மேடையைக் கீறிவிடும். விளிம்புகளைக் கல்லைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்து, கூர்மை போய் இரண்டு மில்லிமீட்டர் சரிவு வரும்வரை மழுக்குங்கள். கூராக விட்ட விளிம்புதான் முதலில் சில்லு சில்லாகத் தெறிக்கும், கையையும் கிழிக்கும். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் கல்லை நன்றாகக் கழுவாவிட்டால், முந்தைய தாளின் ஒற்றைக் குறுணை புதிய பரப்பில் நீளமாகக் கோடு போட்டுவிடும்.

மேற்பரப்பை 400-க்கு மேல் கொண்டுபோக வேண்டியதில்லை. கண்ணாடிபோல் மினுக்கிய கல்லில், குளிர்ந்த டம்ளர் வியர்த்து வழியும் நீர் மெல்லிய படலமாக நின்று டம்ளரைக் கவ்விக்கொள்கிறது. நான் முதலில் செய்த நான்கும் அப்படித்தான்: டம்ளரைத் தூக்கினால் கல்லும் கூடவே எழுந்து, பாதி வழியில் மேசைமேல் விழுந்தது. மங்கலாக விட்ட பரப்பில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது.

தேய்த்த கடப்பா வெளிறிச் சாம்பலாகத் தெரியும். பழைய கருமை வேண்டுமானால், ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, கல்லுக்குள் இறங்கும் வகை சீலரை (ஈரமும் கறையும் ஊறாமல் காக்கும் பூச்சை) துணியால் பூசி, டப்பாவில் குறிப்பிட்ட நேரத்தில் மிகுதியைத் துடைத்தெடுங்கள். கருமையைக் கூட்டும் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். ஆளிவிதை எண்ணெயும் பூசலாம்; ஆனால் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், விரித்து வெளியில் காயப்போட வேண்டும்.

கடைசியாக அடிப்பாகம். கல்லைவிட அரை சென்டிமீட்டர் உள்ளடங்கும்படி வெட்டிய கார்க் தாளை, இரு குழாய்களில் வரும் எபாக்சிப் பசையைச் சம அளவில் கலந்து ஒட்டுங்கள்; அடிப்பக்கத்தில் மட்டும் சீலர் படாமல் விட்டிருந்தால்தான் பசை பிடிக்கும். மேலே கனமாக எதையாவது ஏற்றி ஒரு நாள் விட்டபின், கோஸ்டரைக் கண்ணாடி மேசையில் வைத்து நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். எந்த மூலையாவது ஆடினால், ஆடாத மற்ற இரு மூலைகளை இணைக்கும் குறுக்குவாட்டில் கார்க்கை 120-ஆம் எண் தாளால் இலேசாகத் தேய்த்தால் சமமாகிவிடும்.