பிரீஸ்கூல் முடிந்து கிண்டர்கார்டனுக்கு: சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பிரீஸ்கூல் முடிக்கப் போகும் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கலாம், பேச்சுத் தாமதம் இருக்கலாம், இன்னதென்று இன்னும் பிடிபடாத வளர்ச்சித் தாமதம் இருக்கலாம். எதுவானாலும் பெற்றோர் முதலில் கேட்பது ‘பிள்ளை ரெடியா?’ என்றுதான். எனக்கு அதைவிட அவசரமாகப் படுவது வேறொன்று. பிரீஸ்கூல் டீச்சருக்கு உங்கள் பிள்ளையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எழுத்தில் ஏறியிருக்கிறதா? எதற்குக் காதைப் பொத்தும், எதைக் கையில் கொடுத்தால் அமைதியாகும், எத்தனை நொடி பொறுத்தால் பதில் சொல்லும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கிண்டர்கார்டனுக்கு அவர் பிள்ளையோடு வரப்போவதில்லை. போவது ஐஇபி (IEP) என்ற கோப்புதான், அதாவது அந்தப் பிள்ளைக்கென்றே பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டம்.

முதல் தவறு, பள்ளி தொடங்கும் ஆகஸ்ட் வரை இந்த வேலையை விட்டுவைப்பது. ஊனமுள்ள குழந்தைகளின் கல்விக்கான மத்தியச் சட்டம் 1975-ல் வந்தது. 1990-ல் ஐடியா (IDEA) என்று பெயர் மாறியது. 3 வயது முதல் 21 வரை இது பொருந்தும். அதனால் பள்ளி மாவட்டத்தின் (அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின்) பிரீஸ்கூலில் போட்ட ஐஇபி, கிண்டர்கார்டன் வாசலில் காலாவதியாகிவிடாது. இது தெரிந்ததும் பலர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் எந்த வகுப்பு, வாரத்துக்கு எத்தனை நிமிடம் ஸ்பீச் தெரபி, உதவிக்கு ஆள் உண்டா இல்லையா என்பதெல்லாம் பெரும்பாலும் வசந்த கால ஐஇபி மீட்டிங்கிலேயே முடிவாகிவிடும். பிள்ளை சாதாரண வகுப்பில் உட்கார வாய்ப்பிருந்தால், ஐஇபி குழுவில் சாதாரண வகுப்பு ஆசிரியர் ஒருவரும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கிண்டர்கார்டன் நடத்தும் ஒருவரையே அனுப்பச் சொல்லி முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள். கிண்டர்கார்டன் பதிவு தனி வேலை என்பதும் நினைவிருக்கட்டும். ஒரே மாவட்டம்தானே, அவர்களே மாற்றிவிடுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

‘தேறிவிட்டது’ என்றதும் தலையாட்டுவது

பிரீஸ்கூலில் நிறையப் பிள்ளைகள் ‘வளர்ச்சித் தாமதம்’ என்ற பிரிவில்தான் உதவி பெறுகிறார்கள். 3 முதல் 9 வயது வரை இந்தப் பிரிவைப் பயன்படுத்த மத்தியச் சட்டம் இடம் தருகிறது. மாநிலங்கள் விரும்பினால் வயதைக் குறைத்துக்கொள்ளலாம். அப்படிக் குறைத்த இடங்களில், கிண்டர்கார்டனை ஒட்டி மறுமதிப்பீடு வரலாம். ‘இன்னும் எத்தனை டெஸ்ட்’ என்று சலித்துக்கொண்டு இதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். அடுத்த சில வருட உதவிக்கு அடித்தளமே அதுதான்.

அந்த மதிப்பீட்டின் முடிவில் சிலருக்கு வரும் செய்தி: ‘பிள்ளை நன்றாகத் தேறிவிட்டது, இனி சர்வீஸ் தேவையில்லை.’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தச் சூழ்நிலையில் தேறியது? சின்ன வகுப்பில், பக்கத்திலேயே இரண்டு மூன்று பெரியவர்கள் இருந்தபோது சமாளித்த பிள்ளை, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே டீச்சர் உள்ள அறையில் எப்படிச் சமாளிக்கும்? மதிப்பீடு செய்யாமல் ஒரு பிள்ளையை ஸ்பெஷல் எஜுகேஷனிலிருந்து பள்ளி நீக்க முடியாது. பள்ளியின் மதிப்பீட்டோடு உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால், வெளியாள் ஒருவரைக் கொண்டு பொதுச் செலவில் மறுபடி மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம். பள்ளி அதற்குப் பணம் தர வேண்டும். மறுத்தால், தன் மதிப்பீடு சரிதான் என்று விசாரணைக்குப் போய் நிரூபிக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. டாக்டர் கொடுத்த டயக்னோசிஸ் கடிதம் கையில் இருந்தால் ஐஇபி தானாக வந்துவிடும் என்று நம்புவது. பள்ளி தன் பங்குக்கு மதிப்பிட்டு, கல்வியில் தனி உதவி தேவை என்று முடிவு செய்த பிறகே கிடைக்கும். தனியார் பிரீஸ்கூலில் படித்து, இன்ஷூரன்ஸில் தெரபி எடுத்துவந்த குடும்பங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. தெரபியால் பிள்ளை எவ்வளவோ மாறியிருக்கும், ஆனால் பள்ளி மாவட்டத்திடம் ஒரு காகிதம்கூட இருக்காது. மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேட்டால்தான் வண்டி நகரும். ‘முத்திரை குத்திவிடுவார்கள்’ என்று பயந்து, சொல்லாமலே சேர்த்துவிடுபவர்களும் உண்டு. அக்டோபருக்குள் அதே பிள்ளைக்கு ‘அடங்காத பிள்ளை’ என்ற வேறொரு முத்திரை விழுந்துவிடுகிறது. முதலாவதிலாவது உதவி உண்டு.

மழுப்பலான இலக்குகள்

ஐஇபியைப் புரட்டினால் ‘தொடர்பாடல் மேம்படும்’, ‘சமூகத் திறன் வளரும்’ என்கிற மாதிரி வரிகள் கண்ணில் படும். யார் எப்போது எப்படி அளப்பது? இப்படி எழுதியிருந்தால் வேறு: ‘ஸ்நாக் நேரத்தில் இன்னும் வேண்டுமென்றால், யாரும் தூண்டாமல் படஅட்டையைக் காட்டியோ வாயால் சொல்லியோ ஐந்தில் நான்கு முறை கேட்கும்.’ இதைப் படிக்கும் புது டீச்சருக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். நடக்கவில்லையென்றால் உங்களுக்கும் தெரியும். பெயருக்கு ஒரு முன்னேற்றம் போதும் என்ற வாதத்தை, 2017-ல் ஆட்டிசம் உள்ள எண்ட்ரூ எஃப். என்ற மாணவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை. பிள்ளையின் நிலைமைக்குத் தக்க முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும் என்றது.

பிரீஸ்கூல் டீச்சர் தலையில் இருப்பதை இறக்கிவைக்க வேண்டிய இடமும் இதுதான். ‘நெருப்பு எச்சரிக்கைப் பயிற்சிக்கு முன் சொல்லிவிட வேண்டும்’, ‘கேள்வி கேட்டுவிட்டுப் பத்து நொடி காத்திருக்க வேண்டும்’ போன்றவற்றை உதவிகள் பகுதியில் எழுதச் சொல்லுங்கள். டீச்சர் வாயால் ‘அவங்ககிட்ட சொல்லிடறேன்’ என்றால் நன்றி சொல்லிவிட்டு, மறுபடியும் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் தமிழை நிறுத்துவது

இதைத்தான் எனக்குக் கொஞ்சம் கோபத்தோடு சொல்லத் தோன்றுகிறது. ‘பேச்சு தாமதமாகிறது, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்’ என்று யாரோ சொல்ல, ஒரே நாளில் பாட்டியிலிருந்து எல்லோரும் தமிழை விட்டுவிடுகிறார்கள். ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளில், இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு கெட்டுப்போகிறது என்று தெரியவரவில்லை. கெட்டுப்போவது வீட்டில் நடக்கும் பேச்சுதான். சரளமாக வராத மொழியில் அம்மா கதையா சொல்வார்? ‘கம், சிட், ஈட்’ என்று கட்டளைகளோடு நின்றுவிடும்.

பள்ளிச் சேர்க்கையின்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். ‘ஆங்கிலம்’ என்று எழுதினால் நல்லது என்று நினைத்து அப்படியே எழுதுபவர்கள் அதிகம். உண்மையை எழுதுங்கள். தமிழில் வளர்ந்த பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், அதற்குச் சொல் தெரியவில்லையா, ஆங்கிலம் தெரியவில்லையா என்று பிரிக்க முடியாது. முடிந்தவரை பிள்ளையின் மொழியில் மதிப்பிட வேண்டும் என்பதும், மீட்டிங் புரிய வேண்டுமென்றால் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கின்றன.

ஒரு வருடம் நிறுத்திவைக்கலாமா

கிண்டர்கார்டனில் சேர்ப்பதை ஒரு வருடம் தள்ளிப்போடுவது சில பிள்ளைகளுக்குப் பலன் தரலாம். ஆனால் உதவி எதையும் மாற்றாமல், வயது மட்டும் கூடினால் சரியாகிவிடும் என்று நினைத்து நிறுத்துவது வீண். கிண்டர்கார்டன் வயது வந்துவிட்ட பிறகு பிரீஸ்கூல் இடமும், அதோடு வந்த தெரபியும் தொடருமா என்று மாவட்டத்திடம் எழுத்தில் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

அப்புறம், கோடை முழுக்க ஏபிசிடியும் எண்களுமாகப் பிள்ளையை வாட்டுவது. எழுத்தை டீச்சர் சொல்லித் தருவார். மதிய உணவு நேரத்தில் டப்பா மூடியைத் திறந்து கொடுக்க ஆள் இருப்பார் என்று சொல்ல முடியாது. அந்த இருபது சொச்சம் நிமிடத்தில், இரைச்சலான கூடத்தில், மூடியோடு போராடியே பசியோடு எழுந்துவிடும் பிள்ளைகள் உண்டு. பள்ளிக்குக் கொண்டுபோகப் போகும் அதே டப்பா, அதே தண்ணீர் பாட்டில், அதே பை. இவற்றைத் தானே திறந்து மூடப் பழக்குங்கள். பேன்ட் பட்டனும் இதில் சேர்த்திதான். கழிவறைப் பழக்கம் முழுதாக வரவில்லையென்றால் மறைக்காதீர்கள். அதையும் ஒரு இலக்காக ஐஇபியில் சேர்க்கலாம், யார் உதவுவது என்றும் எழுதலாம். பஸ்ஸில் தனி இருக்கைப் பட்டையோ உடன் ஒரு ஆளோ தேவையென்றால் அதற்கும் அங்கே இடமுண்டு.

பள்ளி தொடங்கிய பிறகு ‘பாவம், டீச்சருக்கு டைம் கொடுப்போம்’ என்று டிசம்பர் வரை வாயைத் திறக்காமல் இருப்பவர்கள் நம்மில் அதிகம். வருடத்துக்கு ஒரு முறை ஐஇபி மீட்டிங் என்பது குறைந்தபட்சம். நடுவில் எப்போது வேண்டுமானாலும் நீங்கள் இன்னொரு மீட்டிங் கேட்கலாம். ‘எப்படி இருக்கிறான்?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறான்’ என்றுதான் பதில் வரும். ‘இந்த வாரம் ஸ்பீச் தெரபி எத்தனை முறை நடந்தது, மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டான்’ என்று கேளுங்கள்.