லினக்ஸிலிருந்து எஃப்டிபி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு வணிகத் தளங்களைப் பராமரிக்கும் வேலை என்னுடையது. எங்கள் அலுவலகத்தில் எல்லா மேசையிலும் உபுண்டு லினக்ஸ்தான். புதிதாகச் சேர்கிறவர்கள் ஹோஸ்டிங் சர்வருக்குக் கோப்புகளை ஏற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். நான் எங்கெங்கே இடறினேனோ, அங்கேயேதான் அவர்களும் இடறுகிறார்கள். பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பது, வேறு ஃபோல்டரில் போட்டுவிடுவது எல்லாம் உடனே தெரிந்துவிடும், உடனே சரியும் செய்துவிடலாம். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## வெறும் எஃப்டிபியிலேயே இருப்பது

எஃப்டிபி என்பது நம் கணினிக்கும் சர்வருக்கும் இடையே கோப்புகளை அனுப்பும் முறை. அதன் முதல் வடிவம் 1971-இல் எழுதப்பட்டது. இன்று புழங்கும் வடிவத்துக்கு அடிப்படை 1985-இல் வந்த ஆவணம். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எந்த மறைப்பும் இல்லாமல் 21-ஆம் போர்ட் வழியே போகும். பொது வைஃபையில் நடுவில் இருக்கிறவர் அப்படியே படிக்கலாம். 2021-இல் ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டும் எஃப்டிபியைக் கைவிட்டன.

ஹோஸ்டிங் தருபவரிடம் எஸ்எஃப்டிபி உண்டா என்று முதலில் கேளுங்கள். பெயர் ஒத்திருந்தாலும் அது எஃப்டிபியின் இன்னொரு வகை இல்லை. எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு வழியாக, வழக்கமாக 22-ஆம் போர்ட்டில் நடப்பது. உபுண்டுவின் ஃபைல்ஸ் செயலியிலேயே அதைத் திறக்கலாம். அது கிடைக்காவிட்டால், ஃபைல்ஸில்லா என்ற எஃப்டிபி செயலியின் சைட் மேனேஜரில் டிஎல்எஸ் (எஃப்டிபி இணைப்பை மறைக்கும் முறை) கட்டாயம் என்ற தேர்வை வையுங்கள். 'இருந்தால் பயன்படுத்து' என்ற தேர்வு வெறும் எஃப்டிபிக்கு இறங்க வழி விட்டுவிடும்.

அப்புறம், ஃபைல்ஸில்லாவில் பாஸ்வேர்டைச் சேமித்தால் மாஸ்டர் பாஸ்வேர்டும் வையுங்கள். இல்லையென்றால் அது உங்கள் ஹோம் ஃபோல்டரில் பேஸ்64 எழுத்துகளாகக் கிடக்கும். அது பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் பழைய எழுத்துக்கு மாற்றிவிடலாம்.

## லாகின் ஆகிறது, பட்டியல் வரவில்லை

பாஸிவ் மோடுக்கு மாறுங்கள். ஆக்டிவ் மோடில் சர்வர் உங்கள் கணினியைத் தேடி வந்து தரவு இணைப்பைத் திறக்கும். வீட்டு ரௌட்டர் அதை உள்ளே விடாது. பாஸிவில் அந்த இணைப்பையும் உங்கள் கணினியே திறக்கும்.

## அழிக்கும் குறியோடு மிர்ரர்

எஃப்டிபியில் ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஒரு தரவு இணைப்பைத் திறந்து மூட வேண்டும். அதனால் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை ஏற்ற நெடுநேரம் ஆகும். அப்போதுதான் யாராவது எல்எஃப்டிபி என்ற டெர்மினல் நிரலைச் சொல்லித் தருவார்கள். அருமையான நிரல், நானும் தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். அதன் 'மிர்ரர்' கட்டளை முழு ஃபோல்டரையும் ஒத்துப் பார்த்து, மாறியவற்றை மட்டும் அனுப்பும். சும்மா கொடுத்தால் சர்வரிலிருந்து நம் கணினிக்கு வரும். 'ரிவர்ஸ்' சேர்த்தால் இங்கிருந்து சர்வருக்குப் போகும். 'டெலீட்' என்பதையும் சேர்த்தால், இங்கே இல்லாத எதையும் அங்கே விட்டுவைக்காது.

எனக்குக் கிடைத்த குறிப்பில் மூன்றும் ஒரே வரியில் இருந்தன. அப்படியே எடுத்து ஒட்டினேன். வாடிக்கையாளர் ஒரு புகைப்பட ஸ்டுடியோக்காரர். தளத்தின் நிரல் என் கணினியில் இருந்தது. ஆனால் கல்யாண ஆல்பங்களை அவரே அட்மின் பக்கம் வழியாக நேரே சர்வரில் ஏற்றிவந்தார். அந்தப் படங்கள் இருந்த ஃபோல்டர் என் பக்கம் காலி. பக்க வடிவமைப்பில் இரண்டு வரி மாற்றி அனுப்பினேன். சில நிமிடங்களில் அவருடைய இரண்டு வருட ஆல்பங்கள் போய்விட்டன. எஃப்டிபியில் குப்பைத்தொட்டி கிடையாது. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இருந்த பேக்கப் மூன்று வாரம் பழையது. மிச்சத்தை அவர் மெமரி கார்டுகளில் தேடினார். பாதிக் கார்டுகளை ஏற்கெனவே அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்.

போன மாதம் எங்களிடம் சேர்ந்த தம்பி இரவு பத்தரைக்கு அழைத்து, "அண்ணா, சைட்ல படம் எல்லாம் காணோம்ணா" என்றபோது, எந்த வரியை ஒட்டியிருப்பார் என்று கேட்காமலே தெரிந்தது. அந்த வரி இன்னும் கை மாறிக்கொண்டேதான் இருக்கிறது. எச்சரிக்கையாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் அதைக் கற்றுத் தருகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

கட்டளையை அடிக்கும் முன் ஒன்றை யோசியுங்கள்: எந்தெந்தக் கோப்புகள் சர்வரில் மட்டுமே இருக்கின்றன? வாடிக்கையாளர் ஏற்றும் படங்கள், படிவம் வழியாக வரும் இணைப்புகள், சர்வரிலேயே எழுதிய செட்டிங் கோப்பு. இவற்றை 'எக்ஸ்க்ளூட்' போட்டு விலக்குங்கள். விலக்கியதை 'டெலீட்' தொடாது. பிறகு 'டிரை ரன்' சேர்த்து ஓட்டுங்கள். எதையும் செய்யாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். அழிக்கப்போகும் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். அதற்கும் முன், ரிவர்ஸ் இல்லாத மிர்ரரால் சர்வரில் இருப்பதைத் தேதியிட்ட தனி ஃபோல்டருக்கு இறக்கிவையுங்கள். உண்மையில் பெரும்பாலான நாட்களில் 'டெலீட்' தேவையே இல்லை. நாலு பழைய கோப்பு சர்வரில் கிடந்தால் கிடக்கட்டும்.

இதையே ஸ்கிரிப்டாக எழுதி இரவில் தானாக ஓடவிடுவது இன்னும் மோசம். மூலக் கோப்புகள் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்து, அது அன்றைக்கு மவுண்ட் ஆகவில்லை (கணினியோடு இணையவில்லை) என்றால், எல்எஃப்டிபிக்குத் தெரிவது ஒரு காலி ஃபோல்டர். சர்வரையும் காலியாக்கிவிடும். ஃபோல்டருக்குள் போகும் வரி தோற்றாலும் ஸ்கிரிப்ட் நிற்காது, இருந்த இடத்திலிருந்தே அடுத்த வரியை ஓட்டும். தோற்றால் நிறுத்தும் 'ஃபெயில் எக்ஸிட்' அமைப்பை முதல் வரியிலேயே போடுங்கள்.

## ஜிப் கோப்பு திறக்கவில்லையா

வெறும் எழுத்துக் கோப்புகளுக்கான ஆஸ்கி மோடில் அனுப்பியிருப்பீர்கள். பைனரிக்கு மாற்றி மறுபடி அனுப்புங்கள்.

## 777

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற இந்த அனுமதி எண் வேண்டாம். ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644.

## தமிழில் நீளமான கோப்புப் பெயர்

லினக்ஸில் கோப்புப் பெயருக்குப் பொதுவாக 255 பைட்தான் இடம். யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'கி' என்பதில் க ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு குறிகள், ஆக 6 பைட். 85 குறிகளில் இடம் முடிந்துவிடும். பழைய எஃப்டிபி சர்வர்களில் பெயரே கேள்விக்குறிகளாக மாறி, அப்புறம் அந்தக் கோப்பை அழிக்கக்கூட முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். கோப்புக்குச் சின்னதாக ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து, தமிழ்த் தலைப்பைப் பக்கத்துக்குள் கொடுங்கள்.