காலி வேலை இவ்வளவு இருக்கிறதாம்! அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

“ஆளு கிடைக்கலன்னு பேப்பர்ல போட்டுருக்கான், ஒம் மகன் ஏன் இன்னும் வீட்டுல இருக்கான்?” சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது சித்தப்பா கேட்டார். செய்தியும் சரி, மகன் நிலைமையும் சரி. இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாகும் என்று பார்ப்போம்.

முதலில், மனிதவள அமைச்சு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் தொழிலாளர் சந்தை அறிக்கையை எடுங்கள். அமைச்சின் இணையத்தளத்தில் இலவசம்தான். வேலையின்மை விகிதம் ஒட்டுமொத்தம், குடியிருப்பாளர், குடிமக்கள் என்று மூன்றாக இருக்கும். ஒட்டுமொத்த எண்ணில் மயங்க வேண்டாம். வேலை அனுமதியில் வந்தவர்களும் அதில் சேர்த்தி. வேலை போனால் அவர்களில் பெரும்பாலோர் ஊருக்குக் கிளம்பிவிடுவதால், அந்த எண் தாழ்வாகவே தெரியும். குடியிருப்பாளர் என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும். உங்களுக்கு வேண்டியது அது. வேலை தேடித் தேடி அலுத்துப்போய் நிறுத்திவிட்டவர் இதிலும் வரமாட்டார்.

அடுத்தது, காலி இடங்களை வேலையில்லாதோர் எண்ணிக்கையால் வகுத்த விகிதம். 1-க்கு மேல் போனால் ஆள் பற்றாக்குறை, கீழே இறங்கினால் வேலைப் பற்றாக்குறை. கொரோனா சமயம், 2020 ஜூனில் இது 0.57. அதாவது 100 பேருக்கு 57 இடம். 2022 ஜூனில் 2.53! மகிழ்ச்சிதான், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். எல்லைகள் மூடிக் கிடந்தபோது வெளிநாட்டு ஊழியர் பலர் ஊர் திரும்பியிருந்தார்கள். கட்டுமானத்திலும் தொழிற்சாலைகளிலும் அவர்கள் விட்டுப்போன இடங்களும் அந்தக் கணக்கில் இருந்தன.

அதனால் மூன்றாவது படிதான் முக்கியம்: காலி இடங்களைத் துறைவாரியாகவும் வேலை வகைவாரியாகவும் பிரித்துப் பாருங்கள். எத்தனை நிபுணர், மேலாளர் வேலை? எத்தனை துப்புரவு, சாரம் கட்டும் வேலை? என் மகன் கணக்கியல் படித்தவன். கட்டுமானத் தளத்தில் நூறு இடம் காலியானாலும் அவனுக்கு அது பூஜ்யம்தான். மொத்த விகிதத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

ஆட்குறைப்பு எண்ணிக்கையை ஒரு பார்வை பார்த்தால் போதும். அதற்குப் பக்கத்தில், ஆட்குறைப்புக்கு ஆளானோரில் எத்தனை விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் மறுவேலை பெற்றார்கள் என்று இருக்கும். நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். ஒரே காலாண்டை நம்பாமல், நான்கைந்தை வரிசையாக வைத்துப் பாருங்கள்.