கூடலூரில் மழைக்கு முன்பே கையிருப்பு வைப்பது எப்படி

கூடலூருக்குச் சரக்கு வரும் முக்கிய வழி மூன்று: ஊட்டிப் பக்கம் நடுவட்டம், நிலம்பூர் பக்கம் நாடுகாணி, மைசூர் பக்கம் தெப்பக்காடு. முதல் இரண்டும் மண் சரியும் மலைச்சாலை. மூன்றாவதில், பந்திப்பூர் புலிகள் காப்பகத்துக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை சரக்கு லாரி விடமாட்டார்கள். சாலை அடைபட்ட பிறகு ஆர்டர் போட்டுப் பயனில்லை. மே மாதமே பத்து நாளுக்குத் தேவையானதை வாங்கிவிடுங்கள்.

50 குடும்பம், 200 பேர், தலைக்குத் தினம் 400 கிராம் அரிசி என்றால் பத்து நாளுக்கு 800 கிலோ. 50 கிலோ மூட்டை 16. ஊருக்கு நடுவே ஓடை இருந்தால் இரண்டு பக்கமும் பிரித்து வையுங்கள், பாலம் போனாலும் சோறு உண்டு. மூட்டை மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கட்டும்.

பலரும் கோட்டைவிடுவது குடிதண்ணீரில் போடும் பிளீச்சிங் பவுடரில்தான். ஈரக்காற்றில் வீரியம் போய்விடும். போன வருட மிச்சத்தை நம்பாதீர்கள். நல்ல பவுடர் 1000 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 2.5 கிராம். அரை மணி கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் நிற்க வேண்டும், இல்லையென்றால் கூட்டுங்கள். கலங்கல் தண்ணீர் குளோரினைத் தின்றுவிடும், தெளியவைத்த பிறகே போடுங்கள்.

இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைத்தால் ஐஸ் கட்டி அதன்மேல் நேரடியாகப் படக்கூடாது. உறைந்துபோனால் குப்பைதான்.