ஈர்க்குக் குச்சியில் ஒரு பெரோவ்ஸ்கைட்

எட்டு முக்கோண முகங்களுள்ள எண்முகிகள் முனையோடு முனை கோத்து நிற்கும் படிக அமைப்புதான் பெரோவ்ஸ்கைட். படத்தைப் பார்த்தே அந்த எண்முகிகளின் சாய்வைப் புரிந்துகொள்ளலாம் என்று நம்பி ஒரு செமஸ்டரை வீணாக்கியவன் நான். நீங்கள் அட்டையும் நூலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தடித்த கல்யாணப் பத்திரிகைகள், தென்னை ஈர்க்கு, தையல் நூல், பசை, ஒரு தாம்பாளம், அதில் விரல் ஆழத்துக்குப் பரப்ப ஜவ்வரிசி. சேலத்தில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. வெளியூர்க்காரர்கள் மணலை வைத்துக்கொள்ளலாம். ரப்பர் பேண்டு மட்டும் வேண்டாம். முதல் மாதிரியை அதில் கட்டினேன். எந்தப் பக்கம் இழுத்தாலும் வளைந்துகொடுத்தது, எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

பக்கம் 4 செ.மீ. உள்ள சமபக்க முக்கோணங்கள் எட்டை ஒட்டினால் ஓர் எண்முகி. அப்படி எட்டு எண்முகிகள், ஆக 64 முக்கோணங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் உலோக அயனி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போதே ஒவ்வொரு முனையிலும் முடிச்சிட்ட நூலை வெளியே நீட்டிவிடுங்கள். பிறகு ஊசியால் குத்தினால் முனை கிழியும்.

முதலில் நான்கை மட்டும் எடுத்து, முனையோடு முனை இடைவெளியின்றிக் கட்டிச் சதுரமாக்குங்கள். கீழ்முனைகளை ஜவ்வரிசியில் ஊன்றினால் சாயாமல் நிற்கும். 1839இல் யூரல் மலைக் கனிமம் ஒன்றுக்கு ஜெர்மன் கனிமவியலாளர் குஸ்தாவ் ரோஸ் பெரோவ்ஸ்கைட் என்று பெயர் வைத்தாரே, அந்தக் கால்சியம் டைட்டனேட் இப்படித்தான்: இரண்டு எண்முகிகளுக்கு நடுவே பொதுவாக ஒரே ஓர் ஆக்சிஜன். இப்போது ஒன்றை வலப்பக்கம் திருப்புங்கள். அடுத்தது இடப்பக்கம் திரும்பும், அதற்கடுத்தது வலப்பக்கம். பல்சக்கரம் போல, வேறு வழியே இல்லை. 1972இல் படிகவியலாளர் கிளேசர் இத்தகைய சாய்வுகளை 23 வகைகளாகப் பிரித்துக் குறியிட முடிந்ததற்கு இந்தக் கட்டுப்பாடுதான் காரணம்.

இனி அவிழ்த்துவிடுங்கள். முனைகளுக்கு நடுவே 4 செ.மீ. ஈர்க்கு ஒன்றை வைத்து இரு நுனியிலும் இறுக்கிக் கட்டுங்கள். சில பெரோவ்ஸ்கைட்டுகளில் ஆக்சிஜனுக்குப் பதிலாக வரும் சயனைடு, ஃபார்மேட் போன்ற இணைப்பு மூலக்கூறுகளின் இடம் இது. மீண்டும் ஊன்றி, நான்கையும் வலப்பக்கமே திருப்பிப் பாருங்கள். திரும்பும்! ஈர்க்குகள் மட்டும் சற்றே கோணலாகும். ஒரே ஆக்சிஜன் இணைக்கும் ஆக்சைடில் நடக்கவே முடியாத சாய்வு இது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அப்பா இதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஒரே வளையத்தில் பூட்டினால் ஒன்றை ஒன்று இழுக்கும், நடுவில் கம்பி வைத்தால் அதது தன் பாட்டுக்கு ஆடும். இதற்கா எம்.எஸ்ஸி.?” என்றார்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த இடம். எட்டையும் இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். பன்னிரண்டு ஈர்க்குகள் ஆகும். நான்கு மேல்முனைகளிலிருந்தும் தனித்தனி நூல் எடுத்துத் துணிக்கொடியில் தொங்கவிடுங்கள். ஒரு நூலை மட்டும் ஒரு செ.மீ. உயர்த்தினால் அதன் கீழுள்ள இரண்டு எண்முகிகளும், அதாவது அந்தத் தூண் முழுதும், மேலே வரும். எந்த எண்முகியும் திரும்புவதில்லை, பக்கவாட்டு ஈர்க்குகள் சாய்வதோடு சரி. தூண் நகர்வு என்பது இதுதான். ஸ்கேல் வைத்துப் பாருங்கள்: ஈர்க்கு நீளாது என்பதால் பக்கத்துத் தூண் ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகமாக நெருங்கியிருக்கும். மூலைக்கு மூலை இரண்டை உயர்த்துங்கள், பிறகு ஒரு வரிசையை மட்டும் உயர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் மேல், கீழ் என்று கட்டம் போட்டு எழுதி வையுங்கள்; கிளேசரின் குறியீட்டில் இதற்கு இடமில்லை.

ஃபார்மேட்டுக்கு நேரான ஈர்க்கு பொய் சொல்லும். அது வளைந்த மூலக்கூறு. மெல்லிய கம்பியை நடுவில் மடித்துக் கட்டினால் உண்மைக்கு அருகில் வரும். மாமரத்து முசுறு கடித்தால் எரிகிறதே, அந்த ஃபார்மிக் அமிலத்தின் அயனிதான் இது.

கடைசியாக, எட்டு எண்முகிகளுக்கு நடுவே உள்ள குழிக்கு ஒரு குடியிருப்பவர் வேண்டும். கோலிக்குண்டு வேண்டாம். டைமெத்தில் அம்மோனியம் நீண்ட அயனி. இரண்டு பருப்புள்ள முழு நிலக்கடலை அதற்குப் பொருந்தும். இரு புடைப்புகளும் மெத்தில், ஒடுங்கிய இடுப்பு நைட்ரஜன். ஹைட்ரஜன் பிணைப்பு இடுப்பிலிருந்துதான் போகும், எனவே அங்கிருந்து இரண்டு நூல்களை எதிரெதிர்க் கம்பிகளுக்குக் கட்டி மெல்ல இறுக்குங்கள். சட்டகம் முழுதும் கோணுவதைக் காண்பீர்கள். துத்தநாக அயனிகளை ஃபார்மேட் இணைக்கும் பெரோவ்ஸ்கைட்டில் அறை வெப்பத்தில் இந்த அயனி மூன்று நிலைகளில் ஒழுங்கின்றி இருக்கும். ஏறத்தாழ 156 கெல்வினுக்குக் கீழே ஒரு நிலையில் அடங்கும், அப்போது சட்டகமும் உருமாறும்.

மையத்துக்கு ஒருபுறம் உள்ளது நேர் எதிர்ப்புறமும் இருப்பது மையச் சமச்சீர். தனியாக இருக்கும்போது அதைக் கெடுக்காத ஒரு சாய்வும் ஒரு நகர்வும் சேர்ந்தால் அதைக் கெடுத்துவிடக்கூடும். ஒருபுறம் நேர்மின்னும் மறுபுறம் எதிர்மின்னும் மிகுந்த, மின்முனைவுள்ள பொருள்களைத் தேடுபவர்களின் கண் அங்கேதான். மாதிரியில் இரண்டையும் ஒருசேரச் செய்ய இரண்டு கை போதாது. தங்கையைக் கூப்பிட்டுத் தூண் நூலைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஜவ்வரிசியை அம்மா கேட்பதற்குள் சலித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.