முதலில் ஆசிரியர் கடிதம், அப்புறம் கட்டுரை

வெளிநாட்டு இதழியல் ஃபெலோஷிப்புக்கு (பத்திரிகையாளர்களுக்கான நிதியுதவித் திட்டம்) விண்ணப்பிக்கிறீர்களா? விண்ணப்பக் கட்டுரையைத் தொடும் முன்பே உங்கள் பத்திரிகை ஆசிரியரிடம் ஒப்புதல் கடிதம் கேட்டுவிடுங்கள். கட்டுரையை ஒரே இரவில்கூட முடித்துவிடலாம்; கடிதம் நிர்வாகத்தின் மேசைகளில் வாரக்கணக்கில் தூங்கும். வளரும் நாடுகளின் 25 முதல் 35 வயது வரையான பத்திரிகையாளர்களை ஐ.நா. பொதுச்சபைச் செய்தி சேகரிக்க நியூயார்க் அழைக்கும் டாக் ஹாமர்ஷெல்ட் ஃபெலோஷிப்பில், மாதக்கணக்கில் விடுப்பு தருவதோடு அந்தக் காலத்திலும் சம்பளம் தருவோம் என்றும் நிறுவனம் உறுதியளிக்க வேண்டும். ஆகவே விடுப்பு, சம்பளம் இரண்டையும் கடிதத்தில் வெளிப்படையாக எழுதி வாங்குங்கள். வரைவை நீங்களே தட்டச்சு செய்து கொடுத்தால் கையெழுத்து சீக்கிரம் விழும். சில நாள் பயிலரங்குகளுக்கும், சுயாதீனப் பத்திரிகையாளர்களை ஏற்கும் திட்டங்களுக்கும் இந்த அவசரம் பெரும்பாலும் வேண்டாம்.